பாதி வழியில் நின்ற காத்தாயி

வில்லிவாக்கத்தைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குக் காத்தாயி வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதுவும் தண்ணி லாரி வந்து நிற்கிற நேரத்தில் என்பதால், முதலில் அவளை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குடத்தோடு நின்றவர்களுக்கு நடுவே, கையில் ஒரு கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு, நீலப் பாவாடை கட்டிய சின்னப் பெண் ஒருத்தி புகுந்து போனாள். "வரிசையில வா பாப்பா" என்று யாரோ அதட்டினார்கள். அவள் திரும்பினாள், திரும்பின மாத்திரத்தில் காணாமல் போனாள், ஏனென்றால் அவளுக்குப் பக்கவாட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது, ஆளே காகிதத் தடிமன்தான். மறுபடி நேராக நின்றபோதுதான் எல்லோரும் பார்த்தார்கள்: கறுப்பு மையில் சுற்றுக்கோடு, உள்ளே வண்ணம், வலது கை மட்டும் வண்ணம் ஏறாத வெறும் பென்சில். வரைந்த பொம்மை.

"அத்தை, ஒரு துண்டு நெருப்பு தருவீங்களா? எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சு போச்சு" என்று கேட்டது பொம்மை.

"எங்க வீட்ல கேஸும்மா," என்றாள் தையல்கார மைமூன், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "லைட்டர் வேணா தரவா?"

அவ்வளவுதான். பெரிய அதிசயம் ஒன்று அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்ததும், அந்தக் குடியிருப்பு அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டதும் அவ்வளவு சுருக்காக முடிந்துவிட்டது, லாரியில் தண்ணி தீர்ந்துவிடுமே என்ற கவலை எல்லாருக்கும்.

பதறியது ஒரே ஒரு ஆள். பி பிளாக்கில் கீழ்த்தளத்தில், மைமூனுக்கு எதிர்வீட்டில் குடியிருந்த பியூலா அப்போது வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது, தனி ஆள், ஸ்கேன் சென்டரில் நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை, தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அதையும் கரகரத்த தொண்டையோடுதான் செய்துகொண்டிருந்தாள். வெளியிலிருந்து "ஒரு துண்டு நெருப்பு தருவீங்களா" என்ற குரல் காதில் விழுந்ததும் சீப்பு கையிலிருந்து நழுவியது. அது அவளுடைய குரல். ஒன்பது வயதில் அவளுக்கு இருந்த குரல்.

அந்த வயதில் அவள் ஒரு பொம்மைப் படத்துக்குக் குரல் கொடுத்திருந்தாள், அந்தப் படத்தின் கதையைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அடுப்பு அணைந்துபோன வீட்டிலிருந்து ஒரு பெண் நெருப்பு வாங்கி வரக் கிளம்புகிறாள், பக்கத்து வீட்டிலும் இல்லை, அடுத்த தெருவிலும் இல்லை, அடுத்த ஊரிலும் இல்லை, கடைசியில் உலகத்தின் ஓரத்துக்கே போய் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்புகிறாள், இவ்வளவுதான் கதை. இதை முழுக்கக் கையால் வரைந்தே தீருவேன் என்று இயக்குநர் வேதமூர்த்தி சாலிகிராமத்தில் ஒரு மாடியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முதல் தயாரிப்பாளர் பாத்திரக்கடைக்காரர், காத்தாயிக்குத் துணையாக ஒரு பேசும் கிளி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், கிளி வரவில்லை என்றதும் கழன்றுகொண்டார். இரண்டாவது வந்தவருக்கு ஜோசியர் பச்சைதான் ராசி என்று சொல்லியிருந்ததால் பாவாடை பாதிப் படத்தில் பச்சை ஆனது. மூன்றாவது ஆள் நல்ல மனுஷர், அவரை வேதமூர்த்தியே விரட்டிவிட்டார். காரணம் நெருப்பு. உலகத்தின் ஓரத்தில் எரிகிற நெருப்பை அவர் வரைந்தார், ஓட்டிப் பார்த்தார், "இன்னும் சுடல" என்று சொல்லிக் கிழித்தார், மறுபடி வரைந்தார், கிழித்தார், உதவியாளர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடிப் போனார்கள், அவர் கிழித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் ஒரு மத்தியானம் மேஜையிலேயே தலை சாய்ந்து போய்ச் சேர்ந்தார். வரைந்ததில் பாதியைக் கரையான் தின்றது, மீதியில் பாதி பஜ்ஜிக் கடைக்குப் போனது.

பொம்மைப் படத்துக்குக் குரல்தான் முதலில், படம் அப்புறம். ஆள் பேசி முடித்த பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் வாய் வரைவார்கள். அப்படித்தான் பியூலா ஒன்பது வயதில் கண்ணாடி அறைக்குள் நின்று காத்தாயியின் பேச்சையெல்லாம் பேசினாள், வெளியே அவள் அம்மா ரூபவதி பிளாஸ்கில் வெந்நீரோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் பதிவாகிவிட்டது, கடைசிக் காட்சியைத் தவிர. காத்தாயி வீட்டு வாசலுக்கு வந்து நின்று, "அம்மா, தீ கொண்டாந்துட்டேன், கதவத் திற" என்று கூப்பிடுகிற ஒரே ஒரு வசனம் அவள் பங்குக்குப் பாக்கி. "கூப்பிடுவாங்கடி, தொண்டையப் பாத்துக்கோ" என்று ரூபவதி வருஷக்கணக்காகச் சொன்னாள். தெருவே ஐஸ் தின்றபோது பியூலாவுக்கு மட்டும் ஐஸ் கிடையாது, குரல் கெட்டுப்போகும். குரல் உடைந்து, வயசுக்கு வந்து, வரன் வந்து, வரன் போய், ரூபவதியே படுத்த படுக்கையாகிக் கண்ணை மூடுகிறவரைக்கும் யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் அதற்கப்புறம் பியூலாவைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நாளெல்லாம் ஊரார் பேரைக் கூப்பிட்டுவிட்டு வந்து, சாவி போட்டுத் திறந்து, டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள், அதில் யாராவது பேசட்டும் என்று.

படத்தை மறக்காதவன் திருப்பூரில் இருந்தான். மணவாளன் என்று பேர், பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிறவன். சின்ன வயதில் ஒரு பொங்கலுக்கு டிவியில் அந்தப் படத்திலிருந்து கொஞ்ச நேரம் காட்டினார்களாம், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அவனைப் போலவே பைத்தியம் பிடித்தவர்கள் காரைக்குடியில் ஒரு பல் டாக்டர், மலேசியாவில் கிள்ளானில் ஒரு லாரி டிரைவர் என்று அங்கங்கே இருந்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. கிடைத்த சுருள், எண்ணெய்க் கறை பட்ட தாள், பழைய ஒலிநாடா எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்து ஒட்டினார்கள். முதல் சுருளை அவர்கள் ஒட்டி முடித்த அன்றைக்குத்தான் காத்தாயி தண்ணி லாரி வரிசையில் புகுந்தாள். எப்படி என்று குடியிருப்பில் யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு வேறு கேள்விகள் இருந்தன.

இவள் வாடகைக்கு வந்தவளா, விருந்தாளியா? சங்கச் செயலாளர் தணிகாசலம் இதற்காகவே கூட்டம் போட்டு, டீ கொடுத்து, விருந்தாளி என்று முடிவு செய்தார். ஆடிக் காற்றில் கொடித்துணி மாதிரிப் படபடத்து மூன்றாவது மாடிவரை போய்விட்டாள் என்றதும், பெண்கள் அவள் பாவாடை ஓரத்தில் துணி கிளிப்புகளைப் போட்டுவிட்டார்கள், அந்தக் கனத்தில் தரையில் நின்றாள். மழையில் மை கரையும் என்று பயந்தார்கள், கரையவில்லை. ஒருநாள் நீலப் பாவாடை, ஒருநாள் பச்சை. நீல நாளில் கிளம்பினால் போன காரியம் நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டின. அவளிடம் பேசுவதும் பழகிப்போயிற்று. படத்தில் பேசினதை மட்டும்தான் அவளால் பேச முடியும், ஆகையால் அந்தப் பதில் வருகிற மாதிரிக் கேள்வியை இவர்கள் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். மைமூனின் மருமகனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டால், "இவ்வளவு பெரிய மலைக்கு இவ்வளவு சின்ன மூளையா!" என்பாள். மைமூன் அதைத் தினம் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் மிஷினை மிதிப்பாள்.

சாயங்காலமானால் காத்தாயி பியூலா வீட்டுக்கு வந்துவிடுவாள். யாரும் சொல்லித் தரவில்லை, வந்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் நுழைந்து நின்றுகொள்வாள். முதல் வாரம் பியூலாவுக்குத் தூக்கமே இல்லை. அப்புறம் அவளும் கேள்வி கேட்கப் பழகினாள்.

"எங்கடி போய்ட்டு வர?"

"ரொம்ப தூரம் போனேன். கால் வலிக்குது."

"எனக்கும்தான்டி. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. நாளைக்கும் போகணுமா, சொல்லு."

"போய்த்தான் ஆகணும். வீட்ல காத்திருக்காங்க."

"எனக்கு எவடி காத்திருக்கா? உன்ன விட்டா."

அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை, காத்தாயி கண்ணைக் கொட்டினாள். அதுவே போதுமாக இருந்தது. இப்போதெல்லாம் பியூலா டிவி போடுவதில்லை. சாவியைத் திருப்பும்போதே உள்ளே ஒரு ஆள் இருக்கிற சந்தோஷத்தில் கை அவசரப்படும். பாழாய்ப்போன மனசு, வெறும் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் இப்படி ஒட்டிக்கொண்டதே என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள்.

அப்போதுதான் மணவாளனின் போன் வந்தது. எங்கெங்கேயோ விசாரித்து அவள் நம்பரைப் பிடித்திருந்தான்.

"அக்கா, நீங்கதானே காத்தாயி குரல்? படம் முடிஞ்சிடுச்சுக்கா. கடைசிக் காட்சி வரைஞ்சுகூட வச்சிருக்கேன். உங்க ஒரு வரி மட்டும் வேணும்."

எத்தனை வருஷம் அம்மா காத்திருந்த அழைப்பு.

"பேசிக் கொடுத்தா என்ன ஆகும் தம்பி?"

"படம் முடிஞ்சிடும்கா. அவ வீட்டுக்குப் போய்டுவா."

பியூலா பீரோ இடுக்கைப் பார்த்தாள். "என் குரல் போயிடுச்சுப்பா. முடியாது," என்று சொல்லி வைத்துவிட்டாள். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மணவாளன் கெஞ்சிப் பார்த்தான். பழைய பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே அந்த வரியைப் பேச வைத்தும் பார்த்தான். அன்றைக்குக் காத்தாயியின் வாய் அசைந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. கடைசியில் அவனும் கூட்டாளிகளும், படம் தயாரிக்கிறவர்கள் கை ஓய்ந்தால் செய்கிற ஒரு வேலையைச் செய்தார்கள். பொம்மை நடப்பதற்குப் பத்துப் பதினைந்து படம் வரைந்துவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட்டினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடந்துகொண்டே இருக்கும், அல்லவா? வசனம் கிடைக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று அந்த நடையைக் கடைசிக் காட்சிக்கு முன்னால் ஒட்டினார்கள். ஒட்டினவர்கள் அதோடு நின்றுவிட்டார்கள், காத்தாயி நிற்கவில்லை.

குடியிருப்புக்கு நடுவில் இருக்கிற தண்ணித் தொட்டியைச் சுற்றி அவள் நடக்க ஆரம்பித்தாள். கொட்டாங்கச்சிக்குள் இப்போது நெருப்பு இருந்தது, வேதமூர்த்தி கிழிக்காமல் விட்டுப்போன நெருப்பு. காலையில் நடந்தாள், வெயிலில் நடந்தாள், ராத்திரி நாய்கள் குரைத்து ஓய்ந்த பிறகும் நடந்தாள், பீரோ இடுக்குக்கு வரவே இல்லை. குடியிருப்பு இதையும் உள்ளே வாங்கிக்கொண்டது. சர்க்கரை நோய்க்காக வாக்கிங் போகிறவர்கள் அவள் பின்னாலேயே போனார்கள், வேகம் சீராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அவள் பாதையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று தணிகாசலம் சுண்ணாம்பில் கோடு போட்டார். பிள்ளையார் சதுர்த்திப் பந்தலைக்கூட நாலடி தள்ளிப் போட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் யாராலும் உள்ளே வாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து படத்தில் ஒன்றில் காத்தாயி தலையைத் திருப்பி, வாயைத் திறக்கப் போகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது சரியாகப் பியூலா வீட்டு வாசலில் வந்து விழுந்தது. வருவாள், திரும்பிப் பார்ப்பாள், உதடு பிரியும், பேச ஒன்றும் இராது, போய்விடுவாள். மறுபடி வருவாள். மறுபடி பார்ப்பாள்.

பியூலா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் திரை போட்டாள். வேலைக்குப் போகும்போது கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போனாள். தான் நினைத்தால் நிறுத்தலாம் என்று அவளுக்குத் தெரியும், நிறுத்தினால் காத்தாயி போய்விடுவாள் என்றும் தெரியும். வீட்டுக்குள் இல்லாவிட்டால் போகிறது, வாசலில் சுற்றிக்கொண்டாவது இருக்கட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைமூன் தைத்துக்கொண்டிருந்த துணியோடு வந்து பியூலா வீட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"நடக்கறது எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல பியூலா. திரும்பிப் பாக்குது பாரு, அதான் தாங்கல."

"நான் என்னக்கா பண்ணட்டும்?"

"ஏதோ ஒரு வரி பேசணுமாமே. திருப்பூர்ப் பையன் செயலாளருக்குப் போன் போட்டுச் சொன்னானாம், ஊருக்கே தெரியும்."

"பேசிட்டா போய்டுவாக்கா."

"வீட்டுக்குத்தானே போறா. நல்லதுதானே."

"எனக்கு?" என்றாள் பியூலா. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பச்சையாக வந்துவிட்டது என்று தெரிந்தது.

மைமூன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்போது காத்தாயி வந்தாள், திரும்பிப் பார்த்தாள், உதடு பிரிந்தது, போனாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே பியூலா மணவாளனைக் கூப்பிட்டாள். எதிரொலி வராமல் இருக்க, துணி தொங்குகிற அலமாரிக்குள் நின்று போனில் பதிவு செய்யச் சொன்னான். கதவைத் தாழ் போட்டுவிட்டு, அம்மாவின் பழைய புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, பதிவுப் பொத்தானை அமுக்கினாள். "அம்மா, தீ கொண்டாந்துட்டேன்" என்று சின்னக் குரல் எடுத்தாள், கீச்சென்று கேவலமாக வந்தது. இன்னொரு தரம் எடுத்தாள், குழந்தை மாதிரிக் கொஞ்சுகிற பெரியவள் குரல், அவளுக்கே சகிக்கவில்லை. இத்தனை வருஷம் ஐஸ் தின்னாமல் காத்த தொண்டை இதற்கா என்று அழுகை வந்தது. அழுது முடித்து, மூக்கை அம்மாவின் புடவையிலேயே துடைத்துவிட்டு, சின்னப் பெண்ணாக முயற்சி பண்ணாமல், வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி வீட்டுக்கு வருகிறவள் எப்படிச் சொல்லுவாளோ அப்படி, கரகரத்த தொண்டையில், "அம்மா, தீ கொண்டாந்துட்டேன். கதவத் திற" என்றாள்.

வெளியே காலடிச் சத்தம் நின்றது.

அப்புறம் கதவு தட்டப்பட்டது. அதே வரி, அவளுடைய இன்றைய குரலில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

பியூலா புடவைகளிலிருந்து தலையை எடுத்தாள். நாலு எட்டு வைத்தால் கதவு. திறக்காவிட்டால் காத்தாயி வாசலிலேயே நிற்பாள், இனி நடக்கமாட்டாள், எங்கேயும் போகவும் மாட்டாள், காலையில் பால் எடுக்கும்போது பார்க்கலாம், ராத்திரி விளக்கணைக்கும்போது பார்க்கலாம், சாகிறவரைக்கும் பார்க்கலாம். அவள் தாழ்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி தட்டு விழுந்தது, இந்த முறை மெதுவாக, கை வலிக்கிறவள் தட்டுகிற மாதிரி.

திறந்தாள்.

முகம் நேருக்கு நேர் நின்றது. கொட்டாங்கச்சியில் நெருப்பு, பென்சில் கை இப்போது முழு வண்ணத்தில். என்ன சொல்லுவது என்று பியூலா யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வார்த்தையே வந்திருக்காது.

"வந்துட்டியாடி? எவ்வளவு நேரம்... வா, உள்ள வா. சாப்ட்டியா?"

காத்தாயி வாசலைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தாள். பியூலா வழிவிட்டு ஒதுங்கினாள், கதவைச் சாத்தினாள், திரும்பினாள். வீட்டில் யாரும் இல்லை. பீரோ இடுக்கில் பார்த்தாள், சமையலறையில் பார்த்தாள், தெரிந்துகொண்டே பாத்ரூமிலும் பார்த்தாள். தரையில் நாலைந்து துணி கிளிப்புகள் கிடந்தன. அலமாரிக்குள் போனில் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல், தானாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதிவை அப்படியே அனுப்பினாள். மணவாளன் மறுநாள் கூப்பிட்டு அழுதான். அம்மா பேசுகிற வசனத்துக்கு யாரைத் தேடுவது என்று தெரியாமல் இருந்தானாம், அதையும் அவளே பேசிவிட்டிருக்கிறாள், வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்றான். சரிப்பா என்றாள்.

அடுத்த மாதம் தண்ணித் தொட்டிச் சுவரிலேயே படத்தைப் போட்டார்கள். தணிகாசலம் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்தார், குடியிருப்பே வந்து உட்கார்ந்தது. மலை வந்தபோது மைமூன் விழுந்து விழுந்து சிரித்தாள். பாவாடை நீலத்திலிருந்து பச்சைக்கு மாறினபோது பிள்ளைகள் கத்தின. கடைசியில் காத்தாயி வாசலில் நின்று நாற்பத்தாறு வயதுக் குரலில் அம்மாவைக் கூப்பிட்டாள், ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, அவ்வளவு தூரம் நடந்தவளுக்கு அந்தக் குரல்தான் வரும் என்று இருந்தது. கதவு திறந்தது, "சாப்ட்டியா?" என்று ஒரு குரல் கேட்டது, எல்லோரும் ஒரே நேரத்தில் பியூலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் கதவு மூடிக்கொண்டது.

கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள், நாற்காலியை மடக்கி அடுக்கினார்கள். மைமூன் அவள் தோளைத் தொட்டு, "நல்லா இருந்துச்சு பியூலா" என்று சொல்லிவிட்டு, தூங்கிவிட்ட பேத்தியைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனாள்.

பியூலா தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். சாவி கைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்புறம், அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கதவை இரண்டு தரம் தட்டினாள்.

உள்ளே யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு அவளே திறந்துகொண்டு உள்ளே போய், விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல," என்றாள். அரை டம்ளர் அரிசியை அளந்து போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.